பார்த்தவர் சொன்ன குறையிலிருந்து படத்தைச் சரிசெய்வது: பூங்கா, குளக்கரை, மலைப் படங்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கோவை சிங்காநல்லூர் குளம், ஈரோடு பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயம், பொள்ளாச்சி பக்கம் ஆழியாறு என்று கேமராவோ போனோ எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். எடுத்த படங்களை ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும்போது கவனித்திருக்கிறேன்: ஆள் மாறினாலும் குறை மாறுவதில்லை. அதே ஏழெட்டுதான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைப் பார்ப்பவர் வாயிலிருந்து வரும் சொல்லாகவே கீழே தலைப்பாக்கியிருக்கிறேன். உங்கள் படத்துக்கு எந்தச் சொல் வந்ததோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கிற காரணம் கடைசியில்.

பார்ப்பவர் சொல்வது அறிகுறி மட்டுமே. காரணத்தை நாம்தான் தேட வேண்டும். "கொஞ்சம் டல்லா இருக்குதுங்க" என்பார். உடனே நிறத்தை ஏற்றிவிடுவோம். அவர் கண்ணை உறுத்தியது நாரைக்குப் பின்னால் கிடந்த பாலிதீன் பையாக இருக்கும். அதனால் சொன்னதை அப்படியே செய்துவிடாமல், அவர் கண் எங்கே போனது என்று தெரிந்துகொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

எல்லாக் குறைக்கும் முதல் சோதனை: கேட்கிற விதம்

படத்தைக் காட்டும் முன் கதை சொல்லாதீர்கள். "இதுக்காக ரெண்டு மணி நேரம் சேத்துல உக்காந்திருந்தனுங்க" என்று சொல்லிவிட்டால், பார்ப்பவர் உங்கள் சிரமத்தைத்தான் பார்ப்பார். சும்மா கையில் கொடுத்து, நாலைந்து வினாடியில் திரும்ப வாங்கிவிட்டுக் கேளுங்கள்: முதலில் என்ன தெரிந்தது? அப்புறம் கண் எங்கே போனது? "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்க வேண்டாம். அதற்கு ஒரே பதில்தான் வரும்.

படம் எடுக்கிறவர் ஒருவரிடமும் எடுக்காதவர் ஒருவரிடமும் காட்டுங்கள். என்னைக் கேட்டால், எடுக்காதவர் சொல்வதற்குத்தான் கூடுதல் மதிப்பு. படம் எடுக்கிறவர் லென்ஸ் என்ன, ஐஎஸ்ஓ எவ்வளவு என்று போய்விடுவார். வீட்டில் அத்தை "அந்த மூலைல வெள்ளையா என்ன கண்ணு அது?" என்று கேட்பார். உங்களுக்கு வேண்டிய விவரம் அதுதான். மூன்று பேர் தனித்தனியாக ஒரே இடத்தைக் காட்டினால் அது குறை. ஒருவர் மட்டும் சொன்னால் அது அவருடைய விருப்பமாகவும் இருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும் என்பது தெரிந்ததுதான். கூர்மையைப் பற்றிக் கருத்து வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். அமைப்பைப் பற்றி என்றால் சின்னப் படமே போதும். விரல் நகம் அளவில் பார்க்கும்போதும் எது முக்கியம் என்று தெரிகிற படம், பெரிதாக்கினாலும் தெரியும்.

"ஏனுங்க, இதுல குருவி எங்கீங்க?"

முதலில் பார்க்க வேண்டியது, படத்தில் எத்தனை விஷயங்கள் இருக்கின்றன என்று. குளம், கரை, பனைமரம், நடைபாதை, தூரத்தில் மேம்பாலம், நடுவில் எங்கோ ஒரு மீன்கொத்தி. எடுத்தவருக்கு மீன்கொத்தி இருக்கும் இடம் முன்பே தெரியும். பார்ப்பவருக்குத் தெரியாது. சோதனை எளிது: படத்தில் ஒவ்வொரு பொருளாக விரலால் மறைத்துப் பாருங்கள். மறைத்தாலும் படம் குறையவில்லை என்றால் அது அங்கே இருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை அதை விட்டுவிட்டு எடுங்கள்.

குறைத்த பிறகும் பறவை சின்னதாகவே இருந்தால் இரண்டு வழி. கிட்டப் போகலாம் என்றால், நேராக நடக்காமல் சாய்வாக, நின்று நின்று போங்கள். மடையானும் நாமக்கோழியும் எந்தத் தூரத்தில் கழுத்தை நீட்டி அசையாமல் நிற்கின்றனவோ அதற்கு மேல் ஓர் அடியும் வைக்க வேண்டாம். பறந்துவிட்டால் படமும் போச்சு, அதன் காலைத் தீனியும் போச்சு.

கிட்டப் போகவே முடியாத இடங்களும் உண்டு. 2022இல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த வெள்ளோட்டிலும், 2024இல் சேர்ந்த திருப்பூர் நஞ்சராயன் குளத்திலும் கரையை விட்டு இறங்கி நெருங்கக் கூடாது. அங்கே தூரத்தை ஏற்றுக்கொண்டு படத்தை மாற்ற வேண்டும். பறவையைச் சின்னதாகவே விட்டு, சுற்றிலும் வெறும் தண்ணீர் மட்டும் வருகிற மாதிரி நகருங்கள். வெறும் தண்ணீரில் ஒரே ஒரு கூழைக்கடா என்றால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கண் நேராக அங்கேதான் போகும்.

பெரிய லென்ஸ் கடைசியில்தான். அதையும் வாங்கும் முன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, எடுத்த படங்களை அதே ஆட்களிடம் காட்டுங்கள். அப்போதும் "எங்கீங்க?" என்ற கேள்வி வந்தால் லென்ஸ் காரணமில்லை.

"பொறகால கசகசன்னு இருக்குதுங்க"

எல்லாவற்றிலும் அதிகமாக வருவது இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது ஒன்று சரியானால் மற்ற குறைகளில் பாதி தானாகக் குறைந்துவிடும்.

*பறவையின் தலையிலிருந்து கொம்பு முளைத்த மாதிரி இருந்தால்:* பின்னால் இருக்கும் கம்பி, கிளை, விளக்குக் கம்பம் ஏதோ ஒன்று தலையோடு ஒட்டிவிட்டது. அரை அடி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்தால் விலகிவிடும். பறவையைப் பார்த்தபடி உடம்பை மட்டும் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பின்னணி நகர்வது தெரியும். தலையைச் சுற்றி வெறும் இடம் வரும் நொடியில் அழுத்துங்கள்.

*பின்னால் புல்லும் சேறும் அதே கூர்மையில் தெரிந்தால்:* நீங்கள் மேலே நின்று கீழே பார்த்து எடுத்திருக்கிறீர்கள். ஏரிமேட்டில் நின்று எடுத்தால் பறவைக்குப் பின்னால் ஓரடியிலேயே தரை வந்துவிடும். எந்த லென்ஸாலும் அதை மங்கலாக்க முடியாது. இறங்கி உட்காருங்கள். முடிந்தால் கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டு போங்கள். இப்போது பின்னணி எதிர்க்கரை. அது நூறு மீட்டர் தள்ளி இருப்பதால் தானாக மங்கிவிடும். போனில் எடுப்பவர்களுக்கும் இதே வழிதான், போர்ட்ரெய்ட் மோடைவிட இது நன்றாக வேலை செய்கிறது. போர்ட்ரெய்ட் மோடு கொக்கின் மெல்லிய காலையும் கொண்டையையும் சேர்த்து அழித்துவிடும்.

*உட்கார்ந்தும் சரியாகவில்லை என்றால்:* தூரக் கணக்கைப் பாருங்கள். நீங்கள் பறவைக்கு எவ்வளவு தூரம், பறவை பின்னால் இருக்கும் புதருக்கு எவ்வளவு தூரம்? முதல் தூரத்தைவிட இரண்டாவது பல மடங்கு கூடுதலாக இருக்க வேண்டும். பறவை பத்து அடியில், புதர் அதற்குப் பின்னால் இரண்டடியில் என்றால் கசகசப்புதான். லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை எஃப் 5.6 அளவுக்கோ லென்ஸ் தருகிற அளவுக்கோ திறந்துவையுங்கள். பிறகும் புதர் தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள்.

*பறவை அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, பின்னணி சரியில்லை, நகரவும் வழியில்லை என்றால்:* இங்கேதான் பழக்கத்தை மாற்ற வேண்டும். பறவையைத் துரத்துவதை விட்டுவிட்டு, நல்ல பின்னணி உள்ள கிளைக்கொம்பைத் தேடி அதன் முன்னால் காத்திருங்கள். பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் புறப்பட்ட கொம்புக்கே திரும்பும். கரிச்சானும் அப்படித்தான். மீன்கொத்திக்கும் வழக்கமான இருப்பிடம் உண்டு. எந்தக் கொம்பின் அடியில் வெள்ளை எச்சம் அதிகமாகக் கிடக்கிறதோ அது அடிக்கடி பயன்படும் கொம்பு. பின்னணியை முதலில் தேர்ந்தெடுத்துப் பறவையைப் பிறகு வரவிடுகிறவர்களின் படம் சில வாரங்களிலேயே மாறிவிடுவதைப் பார்க்கிறேன். வேறு எந்த ஒரு மாற்றமும் இவ்வளவு பலன் தந்து நான் பார்த்ததில்லை.

மறைக்கிறது என்பதற்காகக் கிளையை ஒடிப்பது, கூட்டை மூடியிருக்கும் இலையை விலக்குவது இரண்டும் கூடாது. வெயிலுக்கும் காக்கைக்கும் குஞ்சைக் காட்டிக்கொடுப்பது அது. கூட்டுக்கு அருகில் எடுத்த படத்தைக் கருத்துக்குக் கொண்டுவந்தால், அமைப்பு எப்படி என்று நான் சொல்வதில்லை. அந்த இடத்துக்கு இனிப் போகாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

வால்பாறை, டாப்ஸ்லிப் பக்கம் இந்தக் குறை தொடர்ந்து வந்தால் தெரிந்தவர் துணை வேண்டும். சோலைக்குள் எல்லாமே கிளையும் இலையும். சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் எந்த மரத்துக்குப் பழம் தின்ன வரும், எங்கே நின்றால் வானமோ பள்ளத்தாக்கோ பின்னணியாகக் கிடைக்கும் என்பதை அங்கேயே இருக்கும் வழிகாட்டிகள் அறிவார்கள். வனத்துறை அனுமதித்த வழிகாட்டியோடு போங்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

"சாஞ்சாப்ல இருக்குது"

கேமராவிலோ போனிலோ திரையில் தெரியும் கட்டக்கோட்டை (கிரிட்) போட்டுவையுங்கள். மின்னணு மட்டம் இருந்தால் அதையும்.

கோடு நேராக இருந்தும் குளம் சாய்ந்து தெரிகிறதா? கரை குறுக்காக விலகிப் போகும்போது அப்படித் தோன்றும், அது கேமராவின் குறை இல்லை. கரையை நம்பாமல் நிழலைப் பாருங்கள். தண்ணீரில் தெரியும் பனைமரத்தின் நிழல், மரத்துக்கு நேர் கீழே வர வேண்டும். வந்தால் படம் நேர். மலைச்சரிவிலும் தேயிலைத் தோட்டத்திலும் தரை எதுவுமே மட்டமாக இருக்காது. அங்கே ஒரு கட்டடச் சுவரையோ மின்கம்பத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள், அதுவும் படத்தின் நடுவில் இருப்பதாகப் பார்த்து. ஓரத்தில் இருப்பது அகல லென்ஸில் சாய்ந்துதான் தெரியும்.

எப்போதும் ஒரே பக்கமாகவே சாய்கிறது என்றால், கொத்தனாரின் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, கேமராவை ரசமட்டம் வைத்துச் சமன் செய்த மேசையில் வைத்து ஒரு படம் எடுங்கள். நூல் படத்தில் நேராக வந்தால், அழுத்தும்போது உங்கள் கை ஒரு பக்கம் இறங்குகிறது. பட்டனை அழுத்தாமல் உருட்டுவது போல மெதுவாகத் தொடப் பழகினால் போதும். நூலும் சாய்ந்து வந்தால் சர்வீஸ் சென்டருக்குக் கொடுக்க வேண்டியதுதான், வீட்டில் திறக்க வேண்டாம்.

"நேர்ல எவ்வளவு பெரிய மலைங்க, படத்துல இத்துனூண்டா இருக்குது"

பேரூர்ப் பக்கம் நின்று வெள்ளியங்கிரியை எடுக்கிறவர்கள், உடுமலையிலிருந்து தெற்கே மலைத்தொடரைப் பார்த்து எடுக்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற சொல் இது.

*போனில் எடுத்தீர்களா?* ஜூம் 0.5 என்ற எண்ணில் இருந்ததா என்று பாருங்கள். எல்லாவற்றையும் உள்ளே அடக்க அதைத் தொடுகிறோம், அது மலையைத்தான் முதலில் சுருக்குகிறது. 2 அல்லது 3க்கு மாற்றுங்கள். முழு மலையும் வராது, வர வேண்டியதும் இல்லை. ஒரு முகடும் அதன்மேல் நிற்கும் மேகமும் போதும். கேமரா என்றால் அகலமாகக் காட்டும் 18–55 லென்ஸைக் கழற்றிவிட்டுப் பறவைக்கு வைத்திருக்கும் 70–300 லென்ஸை மாட்டுங்கள்.

*படத்தில் பாதிக்கு மேல் வெறும் வானமா, வெறும் சாலையா?* மலை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பாருங்கள். நாலில் ஒரு பங்குகூட இல்லை என்றால் வெட்டிப் பாருங்கள். வெட்டிய படத்தை முன்பு குறை சொன்னவரிடமே காட்டுங்கள்.

*மலை பெரிதாக வந்தும் பெரிதாகத் தோன்றவில்லையா?* அளவுக்கு ஒப்பிட ஒன்றும் இல்லை. அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு, ஒரு ஆட்டுக்கூட்டம், ஒரு ஓட்டுவீடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அது தூரத்தில், மலைக்கு அருகில் இருக்க வேண்டும். உங்கள் காலடியில் இருக்கும் தென்னை மலையைவிட உயரமாகிவிடும். பின்னால் தள்ளிப் போய், லென்ஸை நீட்டி, தோப்பையும் மலையையும் சேர்த்துப் பிடிக்கும்போது மலை எழும்பி வரும். ஆழியாறு–வால்பாறைச் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் எல்லோரும் இறங்கி அணையை அகலமாக எடுக்கிறார்கள். அதே இடத்தில் வரையாடு ஒன்று பாறையில் நின்றால், ஆட்டைச் சின்னதாக வைத்துப் பின்னால் சரிவை நிரப்பிப் பாருங்கள், பள்ளத்தின் ஆழம் அப்போதுதான் படத்தில் வரும்.

*மலை வெளுத்துக் கிடக்கிறதா?* புழுக்கமும் தூசியும். காலை ஏற ஏற மங்கல் கூடும். மழை விட்ட மறுநாள் காலை போங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் மேகம் மலையில் முட்டி நிற்பது அழகு. ஆனால் அந்தக் காற்றில் பூவையும் புல்லையும் முன்னால் வைத்து எடுத்தால் அசைவு வந்துவிடும், ஷட்டர் வேகத்தை 1/500 வினாடிக்கு மேல் ஏற்ற வேண்டும்.

இந்தக் குறைக்கு ஆளைக் கூப்பிடும் நிலை வருவதே இல்லை. நேரமும் நடையும்தான் செலவு.

"வாலு எங்க போச்சுங்க?"

மயிலின் தோகை, கொக்கின் கால், தண்ணீரில் விழும் நிழல் மூன்றும்தான் வழக்கமாக வெட்டுப்படுகின்றன. முகத்தையே பார்த்துக்கொண்டு அழுத்துகிறோம், ஓரத்தைப் பார்ப்பதில்லை. அழுத்தும் முன் நான்கு ஓரத்தையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வாருங்கள். பறவை அசைகிறதென்றால் கொஞ்சம் தளர்வாகவே எடுத்து வைத்து, வீட்டில் வெட்டிக்கொள்ளுங்கள்.

எடுக்கும்போது இல்லாத கிளை படத்தின் ஓரத்தில் வந்துவிட்டதா? விலை குறைந்த டிஎஸ்எல்ஆர்களில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரிவது உண்மையான படத்தில் ஏறத்தாழ 95 சதவீதம்தான். மீதி ஓரம் உங்களுக்குத் தெரியாமலே பதிவாகும். எடுத்த உடனே திரையில் ஓரத்தைப் பார்ப்பது ஒன்றே வழி.

போனில் முழுதாக இருந்த தோகை, கலர் லேபில் பிரிண்ட் போட்டதும் வெட்டுப்பட்டு வந்தால் அது அளவுப் பொருத்தம். பெரும்பாலான போன் படங்கள் 4:3, நாலுக்கு ஆறு காகிதமோ 3:2. நீங்களே முன்பு வெட்டிக் கொடுங்கள், அல்லது வெள்ளை ஓரம் விட்டு முழுதாகப் போடச் சொல்லுங்கள்.

"மூஞ்சியே தெரியலீங்க"

வெளிச்சம் பின்னால் இருக்கிறது. காலையில் குளத்தின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் மேற்குக் கரை. கரை மாற முடியாவிட்டால் இரண்டு வழி: எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) ஒரு படி கூட்டி முகத்தைக் கொண்டுவருவது, அல்லது இருட்டாகவே விட்டு உருவத்தை மட்டும் எடுப்பது. இரண்டாவதற்குப் பறவை பக்கவாட்டில் திரும்ப வேண்டும். பாம்புத்தாரா சிறகை விரித்துக் காயவைக்கும்போது இப்படி எடுத்தால் அருமையாக இருக்கும். வெள்ளைக் கொக்கு என்றால் எதிர்ப்பிரச்சினை, வெயிலில் இறகு வெளுத்து வெறும் வெள்ளையாகிவிடும். அங்கே எக்ஸ்போஷரைக் குறையுங்கள்.

வெளிச்சம் முன்னால் இருந்தும் கண் கறுப்பாக இருந்தால் நேரம் தப்பு. கோவை 11 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிச் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு நேர் மேலே நிற்கும். மற்ற மாதங்களிலும் பத்து மணிக்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த நேரத்தில் பறவையை விட்டுவிட்டு வ.உ.சி. பூங்கா, வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா மாதிரி இடங்களில் மர நிழலுக்குள் போங்கள். மேல் வெயில் இலை வழியாக இறங்கும்போது இலை நரம்பு எல்லாம் துலங்கும்.

நிழல் இல்லாத நல்ல வெளிச்சத்திலும் கண் மட்டும் மங்கலாக, காலோ வாலோ கூர்மையாக வந்தால் ஃபோகஸ் புள்ளியைக் கண்மேல் வைத்து எடுத்துப் பாருங்கள். பிறகும் எப்போதும் கண்ணுக்குப் பின்னாலேயே விழுகிறதா, அசையாத ஒரு செய்தித்தாளைச் சாய்த்து வைத்து எடுத்துப் பார்த்தாலும் அப்படியேதானா? லென்ஸைச் சரிசெய்யக் கொடுங்கள். கொடுக்கும் முன், கண்ணாடி போடுகிறவர்கள் வியூஃபைண்டர் ஓரத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பி உங்கள் கண்ணுக்குப் பொருத்திக்கொள்ளுங்கள். அது சரியில்லாமல் கையால் ஃபோகஸ் செய்கிறவர்கள் சிலர் லென்ஸைக் குறை சொல்கிறார்கள்.

"போன வாரமும் இதேதான காட்டுனீங்க?"

கடைசி ஐம்பது படங்களை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். எல்லாம் நின்ற உயரத்திலா? எல்லாவற்றிலும் பறவை நடுவிலா? நடுவில் என்றால் கேமராவின் ஃபோகஸ் புள்ளி நடுவிலேயே பூட்டிக் கிடக்கும். புள்ளியை நகர்த்தப் பழகுங்கள், பறவை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் இடம் விடுங்கள். உயரம் ஒன்றே என்றால் அடுத்த நடையில் ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள்: முழங்காலுக்கு மேல் கேமராவைத் தூக்குவதில்லை. இடமும் மாறாமல் இருக்கலாம். ஒரே குளத்துக்குப் போவது நல்ல பழக்கம், அதே வாசலில் நின்றுவிடுவதுதான் சிக்கல்.

"நல்லாருக்குதுங்க" — அதோடு நிறுத்திவிடுகிறார்கள்

நம் ஊரில் மனம் நோகப் பேச மாட்டார்கள், அதனால் இந்தக் குறையைக் கண்டுபிடிக்க நாளாகும். முதலில் கேள்வியை மாற்றுங்கள். ஒரே காட்சியின் இரண்டு படங்களைக் காட்டி, "ஒண்ணத்தான் வெக்க முடியும், எதுங்க?" என்று கேளுங்கள். தேர்ந்தெடுக்கச் சொன்னால் மரியாதை குறுக்கே வராது, காரணத்தையும் தானாகவே சொல்வார்கள்.

அதற்கும் பதில் தெளிவாக வரவில்லை என்றால், பத்துப் படங்களை அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு வீட்டு மேசையில் பரப்பி வையுங்கள். வந்து போகிறவர்கள் எதைக் கையில் எடுக்கிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருங்கள். ஒன்றும் கேட்க வேண்டாம். யாருமே தொடாத படங்களைத் தனியாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் குறையே இல்லாத, எதுவும் நடக்காத படங்களாக இருக்கும். தெளிவான பறவை, சுத்தமான பின்னணி, ஆனால் பறவை சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மருந்து, எடுத்த பிறகும் அங்கேயே இருப்பது. இறகு கோதும், சோம்பல் முறிக்கும், இன்னொன்று வந்து சண்டை போடும்.

இதெல்லாம் செய்தும் மாதக்கணக்கில் அதே பதில்தான் என்றால், காசு கொடுத்து ஒரு அனுபவசாலியிடம் உட்காரலாம். தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஒரு நடையில் எடுத்த அத்தனையையும், வீணானவை உட்பட, எடுத்த வரிசையிலேயே காட்டுங்கள். நீங்கள் எந்த இடத்தில் காத்திருப்பதை நிறுத்தினீர்கள், எப்போது நகராமல் விட்டீர்கள் என்பது அந்த வரிசையில்தான் அவருக்குத் தெரியும். அதைப் பார்க்காமலே எந்தக் கேமரா வாங்கலாம் என்று பேச ஆரம்பிக்கிறவராக இருந்தால், வேறு ஒருவரைத் தேடுங்கள்.